குற்றம் என்னவென்றே சொல்லாமல் ஒரு வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவருவது பற்றிய பேச்சு அடிபடும்போதெல்லாம் காணாமல் போன மகனைத் தேடிய தாய் பாலேந்திரன் ஜெயக்குமாரியின் ஞாபகம்தான் எனக்கு வருகிறது.

2014 மார்ச் 13ஆம் திகதி கிளிநொச்சி தருமபுரத்தில் அவரையும் 13 வயது மகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தேடப்பட்ட ஒருவர் அவர் வீட்டில் ஒளிந்திருந்தார் என்றது பாதுகாப்புத் தரப்பு. சரி, அப்படியென்றால் வழக்குப் போட்டு நிரூபித்திருக்கலாமே? தாயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பூசா தடுப்பு முகாமில் அடைத்தார்கள், பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விட்டார்கள். 2015 மார்ச் 10ஆம் திகதி பிணையில் வரும்வரை குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவே இல்லை. ஒரு வருடத்துக்கு மூன்று நாள்தான் குறைவு.

இரண்டு ஆண் பிள்ளைகளைப் போர்க்காலத்தில் பறிகொடுத்தவர் அவர். மூன்றாவது மகன் 2009இல் படையினரிடம் சரணடைந்த பிறகு காணாமல் போனான். போர் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையில் வந்த படமொன்றில் அவனைக் கண்டதாகச் சொல்லித்தான் காணாமல் போனோருக்கான போராட்டங்களில் முன்னுக்கு நின்றார். மகன் எங்கே என்று கேட்ட தாய்க்குக் கிடைத்த பதில் இந்தச் சிறை.

அவருடைய கைதைப் பற்றி விசாரிக்கப் போன மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் ருக்கி பெர்னாண்டோவையும் பிரவீன் அடிகளாரையும்கூட அதே சட்டத்தில் பிடித்தார்கள். உலகமே சத்தம் போட்டதால் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் ஜெயக்குமாரி உள்ளேயே இருந்தார்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் போவார். ஜெயக்குமாரியைப் பிடித்த பிறகு அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு, ரீச்சர்" என்றார். அதற்குமேல் நான் என்ன கேட்க?

1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது. அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம், இன்னொன்று போட்டால் இன்னும் மூன்று மாதம். இப்படியே 18 மாதம்வரை ஒருவரை வைத்திருக்கலாம் என்று இருந்தது. 2022இல் அதை 12 மாதமாகக் குறைத்துவிட்டுத் திருத்தம் என்றார்கள். ஜெயக்குமாரி உள்ளே இருந்ததும் கிட்டத்தட்ட அந்த 12 மாதம்தான்!

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்தச் சட்டமூலம் வந்தாலும், தடுத்து வைப்பது பற்றிய பிரிவுகளை முழுவதுமாக, விளங்கும் தமிழில் உங்கள் பத்திரிகையில் போடுங்கள். எத்தனை நாளுக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும், யாருடைய கையெழுத்தில் உள்ளே வைக்கலாம், பிள்ளைகளை யார் பொறுப்பேற்பது என்பதை சட்டமூலம் நிறைவேறுவதற்கு முன்பே அந்தத் தாய்மார் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி.