சமூகநலக்கூடத்தில் பூட்டிக் கிடக்கும் மூன்றாவது கழிப்பறையைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பால்புதுமையினர் கலைவிழாக் குழுவினர்

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்

பொருள்: குடிநீர்த் தொட்டி எதிரில் உள்ள சமூகநலக்கூடம் – பூட்டப்பட்டுள்ள கழிப்பறையை அனைத்துப் பாலினத்தவரும் பயன்படுத்தத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் அளித்து, ஒப்புகைச் சீட்டு மட்டும் பெற்றுள்ள முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. சென்னையில் 2009-இல் பால்புதுமையினரின் ஜூன் மாத வானவில் பேரணி தொடங்கியதைத் தாங்கள் அறிவீர்கள். அதையொட்டி நம் ஊரிலும் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்கள் சேர்ந்து கலைவிழா நடத்துகிறோம். முறைப்படி வாடகையும் முன்பணமும் கட்டி, ரசீது பெற்றே மேற்படி கூடத்தை எடுக்கிறோம்.

2. அந்தக் கூடத்தின் அமைப்பு தங்களுக்குத் தெரியும். பின்புறம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சாய்தளத்தை ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று. மூன்றாவது எப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. உடைந்த நாற்காலிகளும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உள்ளே இருப்பது ஜன்னல் இடுக்கு வழியே தெரிகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

விழாவன்று எங்கள் நிலையைக் கேளுங்கள். கரகம் ஆடும் திருநங்கை பிற்பகலிலேயே உடை இறுக்கி, சலங்கை கட்டிவிடுகிறார். பெண்கள் பக்கம் போனால் 'இங்கே வராதே' என்கிறார்கள். ஆண்கள் பக்கம் போனால் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் மேடை ஏறுகிறார். ஜூன் மாத வெயிலில், ஐயா! எங்கள் நானிக்கு, அதாவது திருநங்கையர் குடும்பத்தில் பாட்டி முறையாக நாங்கள் மதிக்கும் மூத்தவருக்கு, சர்க்கரை நோய். அடக்க முடியாமல் கூடத்தின் பின்சுவர் ஓரம் இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் உட்கார்ந்தார். அப்போது உள்ளே அவருக்குப் போர்த்தச் சால்வை தயாராக இருந்தது. இதை எழுதும் நான் திருநம்பி, பெண் உடலில் பிறந்து ஆணாக வாழ்பவன். மாதவிலக்கு நாளில் தாழ்ப்பாள் இல்லாத ஆண்கள் கழிப்பறைக்குள் நான் என்ன செய்வேன் என்பதை அரசு மனுவில் எழுதக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் யாருக்கும் புரிவதும் இல்லை.

3. 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்பில், மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்குமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது வசதிகளைத் திருநருக்கு மறுக்கக் கூடாது என்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். நாங்கள் புதிதாகக் கட்டித் தரச் சொல்லவில்லை. கட்டிய அறையைத் திறக்கத்தான் கேட்கிறோம். ஏப்ரல் 15-ஐத் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நாளாகக் கடைப்பிடித்து விருதும் தருகிறது. ஏப்ரலில் விருது கொடுக்க முடிகிறது, ஜூனில் ஒரு சாவி கொடுக்க முடியவில்லையா?

4. மேடை விளக்குகள் பாதி எரிவதில்லை. அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

5. சாவி வார்டு அலுவலகத்தில் இருப்பதாகக் கூடத்தின் காவலாளி சொல்கிறார். அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை, தண்ணீர் வாளி தூக்கி உதவியவரே அவர்தான். வார்டு அலுவலகத்தில் கேட்டால் பொறியாளர் பிரிவு என்கிறார்கள். பொறியாளர் பிரிவில் கேட்டால் 'உங்களுக்கு எந்தக் கழிப்பறை?' என்று சிரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடைதான் ஐயா அந்த மூன்றாவது கதவு! ஒரு தாழ்ப்பாள், ஒரு பல்பு, குழாயில் தண்ணீர், வாசலில் 'அனைத்துப் பாலினத்தவருக்கும்' என்று ஒரு பலகை. இதற்கு மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, மன்றத் தீர்மானம் என்று காத்திருக்க வேண்டுமா? பலகையை எழுதும் செலவு எங்களுடையது. மூட்டைகளைத் தூக்கி வேறிடத்தில் வைக்கவும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். உத்தரவு மட்டும் போடுங்கள்.

எனவே, வரும் ஜூன் விழாவுக்கு முன்பாக அந்தக் கழிப்பறையைச் சுத்தம் செய்து திறந்துவிடவும், விழா இல்லாத நாள்களிலும் அது திறந்திருக்க ஆவன செய்யவும் மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அது இயலாதென்றால், சாவி எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்பதையாவது எழுத்து மூலம் தெரிவியுங்கள். அடுத்த மனுவை அவருக்கே எழுதிக்கொள்கிறோம்.

இணைப்பு: வாடகை ரசீது நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், பூட்டிய கதவின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விழாக் குழுவினர்