மாத்தையாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

பூட்டனாரின் பிறப்புப் பத்திரம் கிடைத்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் பாட்டியின் கையிலேயே கொடுத்தேன். மூன்று மாதமாகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒருவருக்கு. கொழும்பு 7, சுவடிகள் திணைக்களத்து வாசிப்பறையில் பக்கத்து மேசையில் இருந்த வயதான சிங்கள மாத்தையா (ஐயா). 1911 குடிசன மதிப்பீட்டு அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு நான் இரண்டாம் நாளாக முழித்துக்கொண்டிருந்தேன், இந்தியத் தமிழர் என்று நம்மைத் தனியாகப் பிரித்து எண்ணிய கணக்கு அது, பூட்டனார் அதில் எங்கேயாவது இருக்காமலா போவார் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. "துவ (மகளே), அதுல தலைதான் எண்ணியிருக்கு, பேர் இல்ல" என்றார் அரைகுறைத் தமிழில். பெயர் வேண்டுமென்றால் பிறப்புப் பதிவேட்டுக்குப் போ, மலையகத் தோட்டத்துப் பிள்ளை என்றால் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை அறிவித்துத்தான் பதிவாகியிருக்கும் என்றார்.

சரி, பெயர் என்ன என்று கேட்டார். கருப்பையா என்றேன். அதை வெள்ளைக்காரன் சொல்வதுபோல் வாய்க்குள் நாலைந்து தரம் உருட்டிப் பார்த்தார். அப்புறம் என் பஸ் டிக்கெட்டை வாங்கி, அதன் பின்பக்கம் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். கே-யில் தொடங்கி ஒன்று, சி-யில் ஒன்று, ஒற்றை பி, இரட்டை பி, நடுவில் இரண்டு ஓ. துரை காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தானே எழுதியிருப்பான்! மொத்தம் ஒன்பது விதம். பென்சிலையும் என்னிடமே தந்துவிட்டுத் தான் பார்த்துக்கொண்டிருந்த காணித் தோம்புக்கு, அதாவது பழைய காணிப் பதிவேட்டுக்குத் திரும்பிவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கண்டிப் பதிவேட்டில் பூட்டனார் பெயர் கிடைத்தது, அந்த ஒன்பதில் ஏழாவதாக எழுதிய விதத்தில்.

கண்டிக்கும் ஹட்டனுக்கும் அலைந்த மாமா, என் லீவு நாட்களில் வேலையைத் தலையில் போட்டுக்கொண்ட ஒஃபிஸ் அக்காமார், பழைய பதிவேடுகளை முகம் சுளிக்காமல் இறக்கித் தந்த தம்பி, கொட்டாஞ்சேனையில் பாட்டிக்குத் துணை இருந்த பக்கத்து வீட்டார், எல்லாருக்கும் நன்றி.

பாட்டி கேட்டது ஒன்றுதான்: "ஊர் போட்டிருக்கா?" இல்லை பாட்டி, தோட்டத்தின் பெயர் மட்டும்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். இந்தியாவில் நம்மவர் விட்டுவந்த அந்த ஊரையும் தேடுவேன், எவ்வளவு நாள் ஆனாலும்.

மாத்தையா, உங்கள் பென்சில் என் பையில்தான் கிடக்கிறது. வருகிற கிழமை அதே மேசைக்குக் கொண்டுவருகிறேன்.