தொடை என்று எழுதியிருந்தார்கள்

மெல்பேர்ண்
08.09.2025

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா விளக்கு வைக்கிறா. வியாழக்கிழமைக்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும் என்று அவவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏஎஃப்எல், எங்கட ஆஸ்திரேலியன் ஃபுட்போல் லீக், பைனல்ஸ் முதல் கிழமை பார்த்தாயா? முதலாம் இடத்தில் முடித்த அடிலெய்ட், சொந்த மைதானத்தில் எங்கட கொலிங்வூட்டிடம் விழுந்தது. சின்ன மாமா வழமைபோல "எல்லாம் அதிர்ஷ்டம்" என்றார். பைனல்ஸுக்கே வராத கார்ள்டன்காரர் செப்டெம்பரில் வேறு என்னத்தைச் சொல்வது! கோல்ட் கோஸ்ட் தன் சரித்திரத்தின் முதல் பைனலை பேர்த்தில் ஒரேயொரு பொயின்றால் வென்றது. ஆறு பொயின்ற் கோல் இல்லை, ஒரு பொயின்ற் பிஹைன்ட்தான் பிரிமாண்டிலை வீட்டுக்கு அனுப்பியது. அடிலெய்டும் பிரிஸ்பேனும் தோற்றும் இன்னும் உயிரோடு இருப்பது முதல் நாலுக்குள் முடித்ததால். ஐந்திலிருந்து எட்டு வரை முடித்தவர்களுக்கு அந்த இரண்டாவது உயிர் இல்லை. கொலிங்வூட்டும் ஜீலோங்கும் இந்தக் கிழமை ஓய்வு, 19, 20இல் பிரிலிம், கிராண்ட் பைனலுக்கு முந்தின மச். ஒரு கிழமை கிடைத்தால் தசை ஆறிவிடும். தலை அப்படியில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கட ஊர் லீக்கின் கணக்கு எனக்கு இதைவிடப் பிடிக்கும். பைனல்ஸுக்கு ஐந்தே ரீம். முதலாவது ரீம் முதல் கிழமை கால் நீட்டி இருக்கும், இரண்டும் மூன்றும் மோதும், நாலும் ஐந்தும் மோதித் தோற்றது வீட்டுக்குப் போகும். நீங்கள் மூன்றாவது. 30ஆம் திகதி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தாரிடம் தோற்றீர்கள், அது உயிர் போகிற தோல்வி இல்லை. 6ஆம் திகதி முதல் செமியில் வென்றீர்கள். நேற்று அவர்கள் முதலாம் ரீமை அடித்து நேரே கிராண்ட் பைனலுக்குப் போய்விட்டார்கள். இனி 13இல் நீங்கள் முதலாம் ரீமை வென்றால் 20ஆம் திகதி திரும்பவும் அவர்கள்தான். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுகிற பிக் மச்சைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் சூடு விளங்காமல் இல்லை. ஒரே சைலோவில் கோதுமை கொட்டுகிற, ஒரே பேக்கரியில் பாண் வாங்குகிற சனம், செப்டெம்பரில் மட்டும் வீதியின் மற்றப் பக்கத்தால் நடக்கும். போன வருஷம் அவர்கள் உங்கட முன்வரிசைப் பெடியன்கள் இருவரைக் கொண்டுபோனதை யாரும் மறக்கவில்லை என்று நீதான் சொன்னாய்.

அதனால் வருகிற நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஆள் சேர்ப்பதற்கும் ஒரு பொயின்ற் கணக்கு: சொந்தக் கிளப்பில் வளர்ந்தவனுக்கு ஒரு பொயின்ற், வெளியிலிருந்து எடுக்கிறவனுக்குக் கூடப் பொயின்ற், ரீமின் மொத்தத்துக்கு ஒரு எல்லை. ஜூன் 30க்குப் பிறகு ஆள் மாற்றவும் ஏலாது. சீசனில் குறித்த அளவு மச் விளையாடாதவனை பைனல்ஸில் இறக்கவும் விடமாட்டார்கள். ஆகவே செப்டெம்பரில் உன் தடுப்பு இடமான ஹாஃப்-பாக்கில் ஒருவன் விழுந்தால் அந்த இடத்துக்கு ரிசேர்வ்ஸில் இருந்து வருகிறவன் பதினேழு வயதுப் பெடியனாக இருப்பான். கோச் உன்னைப் பார்க்கிற பார்வையும் அப்படித்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய கணக்கு 20ஆம் திகதியோடு முடிந்துவிடும்.

30ஆம் திகதி மச்சை நான் நேரலையில் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது. இந்த வருஷம் வர்ணனை சொல்கிறவர் எங்கட குடும்பப் பெயரை முழுதாகச் சரியாகச் சொன்னார், அதற்காகவே வொல்யூமைக் கூட்டினேன். முதல் பாதியில் எதிர்ரீமுக்கு வந்த பந்தை மூன்று தரம் இடைமறித்துப் பிடித்தாய். அந்தக் காற்றில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு. காற்றுக்கு எதிராக உதைக்கும் குவாட்டரில் பந்தை நடுவால் கொண்டுபோகாமல் ஓரத்தால் மெதுவாக நகர்த்தியதும் நல்ல மூளை. ஒரு நாள் நான் சொன்னதை இப்போதாவது கேட்டிருக்கிறாய்.

மூன்றாம் குவாட்டரில் படம் கொஞ்சம் தடங்கியது. அதனால் எல்லாம் தெளிவாகப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

வியாழன் ரீம் லிஸ்றில் உன் பெயருக்குப் பக்கத்தில் தொடை என்று எழுதியிருந்தார்கள். தொடைத் தசை என்றால் இரண்டு கிழமை, மூன்று கிழமை. 13ஆம் திகதி சரியாக இரண்டு கிழமை. மிகவும் வசதியான காயம். தொடைக்கு டொக்டரின் கடிதம் வேண்டாம், நாள் எண்ண வேண்டாம். கன்கஷன், தலையில் அடிபட்டு மூளை குலுங்கினது, என்று ஒரு தரம் பதிந்துவிட்டால் நாளை எண்ணித்தான் ஆக வேண்டும்.

அந்த எண்ணிக்கையை எழுதுகிறேன், உன் கூட்டாளிப் பெடியன்கள் யாருக்காவது உதவும். ஏஎஃப்எல்லில் ஆகக் குறைந்தது 12 நாள். அங்கே முழுநேர டொக்டர்மார், மைதானம் முழுக்கக் கமரா, சீசன் தொடங்கமுன் எடுத்துவைத்த சோதனைகள். அப்படியிருந்தும் பிரிலிமில் தலையில் அடிபட்டவனுக்கு அடுத்த கிழமை கிராண்ட் பைனல் இல்லை, அவன் யாராக இருந்தாலும். உங்களைப் போன்ற ஊர்க் கிளப்புகளுக்கு 21 நாள். அடிபட்ட நாள் பூச்சியம், அடுத்த நாள் ஒன்று. 21ஆம் நாளுக்கு முன் மச் இல்லை. எல்லோரும் இந்த 21ஐ மட்டும் பிடித்துக்கொள்வார்கள், தவறு அங்கேதான் நடக்கிறது. இன்னொரு எண்ணிக்கை உள்ளே ஓடுகிறது: தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுவது, சத்தம் பொறுக்காதது எல்லாம் முழுதாக நின்ற நாளிலிருந்து 14 நாள் சுத்தமாகப் போக வேண்டும். அதற்குப் பிறகு டொக்டர் எழுதித் தந்தால்தான் உடல் மோதுகிற பயிற்சி. அந்தப் பயிற்சி சரியாக முடிந்தால்தான் மச்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரையும் குறைவு, குடி இல்லை, தனியே கார் ஓட்டுவதும் இல்லை. பிறகு நடை, பிறகு மெல்லிய ஓட்டம், பிறகு பந்தோடு தனிப் பயிற்சி. ஒரு படியில் தலையிடி திரும்பினால் முந்தின படிக்கு இறங்க வேண்டும். வேலைக்கு முழுநாளும் போக ஏலாதவன் பயிற்சியைப் பற்றி நினைக்கவே கூடாது. தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கழுத்து நொந்தால், கை கால் விறைத்தால் நாளை எண்ணிக்கொண்டு இருக்காமல் 000. ஹெட்செக் அப் போனில் இருக்கட்டும், எங்கட மேர்டொக் குழந்தைகள் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஏஎஃப்எல்லும் சேர்ந்து செய்தது. தலைக்கவசம் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மெல்பேர்ண் ரீமின் ஆங்கஸ் பிரேஷோ தலைக்கவசம் போட்டுத்தான் விளையாடினவர். 2023 செப்டெம்பர் 7, எம்சிஜி, மெல்பேர்ணும் கொலிங்வூட்டும், முதல் குவாட்டரில் எங்கட மேனாட் மோதி அவர் மயங்கி விழுந்தார். நாங்கள் இரண்டு பேரும் இந்த ஹோலில்தான் இருந்து பார்த்தோம், நான் முதலில் மேனாட்டுக்குத் தடை விழுமா என்றுதான் கேட்டேன். அடுத்த வருஷம் பெப்ரவரியில் அந்தப் பிள்ளை விளையாட்டையே விட்டது, 28 வயதில்.

மூளை முதல் அடியிலிருந்து தேறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அடி சின்னதாக இருந்தாலும் பெரிதாக வேலை செய்யும். அதோடு கண்ணும் காலும் அரைச் செக்கன் பிந்தும். கன்கஷனிலிருந்து வேளைக்குத் திரும்பினவர்களுக்கு முழங்கால் போவதும் அதனால்தான் இருக்கலாம் என்கிறார்கள். உன் இடத்தில், உயரப் போன பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுகிறவனுக்கு, அந்த அரைச் செக்கன்தான் எல்லாம்.

தம்பி, சுற்றிவளைத்தது காணும். படம் தடங்கவில்லை. நீ பின்னால் ஓடிப் பாய்ந்தாய், அவன் இடுப்பு உன் காதோடு பட்டது, தலை நிலத்தில் ஒரு தரம் எம்பியது. இடது கையை ஊன்றி எழும்பினாய். ஃப்ரீ கிக் உனக்குத்தான். நீ பந்தை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கக் கோலைப் பார்த்துத் திரும்பினாய், உன் கப்டன் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டான். வாங்கில் இருந்து தலையில் தண்ணீர் ஊற்றினாய். கடைசிக் குவாட்டரில் எட்டு நிமிஷம் போகத் திரும்பவும் உள்ளே நின்றாய். தொடை பிடித்தவன் கோலைத் தேடமாட்டான். வியாழக்கிழமை வீடியோவில் திரைச்சீலை இழுத்திருந்தது, பின்னேரம் நாலு மணிக்கு. ரீவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாய். அம்மா உனக்குக் காய்ச்சல் வருகுது போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறா.

பொய் சொல்கிறாய் என்று கோபம் வந்தது. இரவு முழுக்க இருந்தது. பிறகு யார் சொல்லித் தந்த பொய் என்று யோசித்தேன்.

பதினைந்து வயதுக்குட்பட்டோர் பைனல். பக்கத்துச் சபர்ப் ரீம், உனக்கு ஞாபகம் இருக்கும், இல்லாமலும் இருக்கலாம். கோட்டோரத்தில் ட்ரெய்னர் என்னிடம் வந்து, "பிள்ளை வழமைபோல இருக்கிறானா, கதைக்கிறான் இல்லை" என்று கேட்டார். என்னைத் தவிர வேறு யாரையும் அவர் கேட்க ஏலாது. அவன் எப்போதும் அப்படித்தான், வாய் திறக்கமாட்டான் என்றேன். அந்த நேரம் நாங்கள் இரண்டு பொயின்ற் பின்னுக்கு. மற்ற ரீமின் தகப்பன்மாரைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். நாலு பொயின்றால் வென்றோம். காரில் நீ மூன்று தரம் ஸ்கோர் என்ன என்று கேட்டாய். மூன்று தரமும் சொன்னேன், சிரித்துக்கொண்டு. பதக்கம் இன்னும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள், அன்றைக்கு அப்படித்தான் தப்பியது. அம்மாவிடம் இதைப் பத்து வருஷமாகச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இனிக் கணக்கைப் பார். 13ஆம் திகதி 14ஆவது நாள், அதில் கதைக்க ஒன்றும் இல்லை. கோச்சிடம் இன்றைக்கே தொடை இல்லை, தலை என்று சொல். சொல்லப் பயமென்றால் ரீம் மனேஜரிடம் எழுத்தில் கொடு. 20ஆம் திகதி 21ஆவது நாள். வியாழனோடு எல்லாம் நின்றுவிட்டது என்றால் 14 நாள் 18ஆம் திகதி வியாழன் முடியும், அன்று பின்னேரம்தான் உங்கட பயிற்சி. டொக்டர் அதற்குள் எழுதித் தந்து, பயிற்சியில் ஒன்றும் வராமல் இருந்தால் சட்டப்படி இறங்கலாம். எனக்கு விருப்பமில்லை, ஆனால் அது உன் முடிவு. வெள்ளிக்கிழமையும் தலையிடித்தது என்றால் அந்த வாசல் மூடிவிட்டது. ஊர் டொக்டரிடம் இடம் கிடைப்பது கஷ்டம், இன்றைக்கே போன் பண்ணி நீண்ட அப்பொயின்ற்மென்ற் கேள். ஃபுட்போல் விளையாடுகிறவன் என்று சொல், எழும்பி மற்றக் கோலைப் பார்த்ததையும் சொல். வீடியோத் துண்டை நான் வெட்டி அனுப்புகிறேன், டொக்டரிடம் காட்டு.

13ஆம் திகதி நான் வருகிறேன். காலை ரயிலில் பெண்டிகோ, அங்கிருந்து பஸ். நேரக்காப்பாளர் மேசைக்கு ஆள் தட்டுப்பாடு என்றாய், நீயும் நானும் இருக்கலாம். சைரன் அடிக்கிற வேலைக்குத் தொடையும் வேண்டாம் தலையும் வேண்டாம். அம்மா மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் தந்துவிடுவா. குளிருக்கு அந்தக் கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் உன்னிடம்தான் இருக்கிறது, எடுத்துவை.

போன் எடுக்க விருப்பமில்லை என்றால் பரவாயில்லை. கடைசியாகத் தலையிடித்த திகதியை மட்டும் எழுதி அனுப்பு.

அப்பா