எக்கோ அறையிலிருந்து அம்மா

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போன் பண்ணியபோது வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள். அந்த அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. புத்தகப் படத்தில் ஓரமாக இருக்கும் இதயத்தின் வலது கீழறை, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ திரையில் எப்படி உச்சியில் வந்து உட்காருகிறது என்று கேட்டாய். திரையின் உச்சி என்பது, ஒலி அலையை அனுப்பி வாங்குகிற உன் ப்ரோப் தொட்டுக்கொண்டிருக்கும் தோல். தோலுக்கு எது பக்கமோ அது மேலே வரும். நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருப்பது வலது கீழறை. இடது மேலறை எல்லாவற்றுக்கும் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி, முதுகெலும்புப் பக்கம் கிடக்கிறது. உணவுக்குழாய்க்குள் ப்ரோப் விட்டு எக்கோ எடுத்தால் அதே அறை திரையின் உச்சிக்கு வந்துவிடும். புத்தகக்காரர்கள் இதயத்தைத் தட்டையாக விரித்துப் போடுகிறார்கள். அதை நம்பி நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால் தலைதான் சுற்றும்.

மெஷின் பட்டன்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெஞ்சு மாறாது. தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கிப் பார். நெஞ்செலும்பில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் சேருவது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்து, நெஞ்செலும்பின் இடது ஓரமாக மூன்றாவது அல்லது நான்காவது இடைவெளியில் ப்ரோப்பை வை. எலும்பு ஒலியைத் தடுத்துவிடும். நுரையீரலில் இருக்கும் காற்று திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற சின்னச் சந்துதான் நமக்கு ஜன்னல். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்: இதயம் நெஞ்சுச் சுவருக்குப் பக்கத்தில் வரும், நுரையீரல் ஒதுங்கும், விலா எலும்புகள் விரியும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் இன்னும் தெளியும்.

பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் உப்பிப்போன தாத்தாக்களிடம் இந்த ஜன்னல் கிடைக்காது. அங்கே போராடாதே. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி வயிற்றைத் தளர்த்தச் சொல்லி, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே இருந்து மேல்நோக்கிப் பார். அங்கே மட்டும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லவேண்டும்.

இதய நுனியிலிருந்து எடுக்கிற, நான்கு அறையும் தெரிகிற படத்தில் புதுப் பிள்ளைகள் எல்லோரும் ப்ரோப்பை ஒரு இடைவெளி மேலேயே வைத்துவிடுவார்கள். இடது கீழறை குட்டையாக, உருண்டையாகத் தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை அளந்து போடுகிற இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளுகிற ரத்தத்தின் சதவீதம், தப்பு. இன்னும் கீழே, இன்னும் வெளியே போ.

இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கிற மைட்ரல் வால்வு பார்க்க ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாயே. இந்த முறையே அந்த வால்வுக்காகப் பிறந்ததுதான். ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற இதய மருத்துவர், வால்வு சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்ள வழி தேடினார். ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் குறை கண்டுபிடிக்க வைத்திருந்த கருவியைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். 1953 அக்டோபரில் இருவரும் சேர்ந்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள்.

அவர்கள் தேடிய அதே நோய் இன்றும் நம் மேஜைக்கு வருகிறது. சின்ன வயதில் தொண்டைப் புண், அப்புறம் மூட்டு வலியோடு காய்ச்சல், அதோடு எல்லோரும் மறந்துபோவார்கள். வால்வின் இரண்டு இதழ்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கல்யாணமாகி, கர்ப்பமாகி ஏழாம் மாதத்தில் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய வழி, ஒன்றுகூட இருக்காது. இடது மேலறை வீங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் உன் முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், திரையை இல்லை. முகத்தை அடக்கி வைத்துக்கொள். முடிவைச் சொல்வது டாக்டர் வேலை.

பெண்கள் வந்தால் போர்வை கொடுத்துவிட்டுத்தான் ஜெல்லைத் தொடு. ஜெல் சில்லென்று இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்புறம் ஒரு விஷயம், தேர்வில் கேட்பார்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக நீர் தெரிந்தால், இடது மேலறைக்குப் பின்னால் வட்டமாகத் தெரிகிற இறங்கு பெருந்தமனியைத் தேடு. நீர் அதற்கு முன்னால் வந்து முடிந்தால் இதய உறைக்குள் இருக்கிறது. பின்னால் போனால் நுரையீரல் உறைக்குள்.

லீவுக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு எங்கள் எக்கோ அறைக்கே கூட்டிப் போகிறேன். என் நெஞ்சிலேயே தேடிப் பழகு. எனக்கு ஜன்னல் சுமார்தான், உனக்கு நல்ல பயிற்சி. அப்பா வேண்டாம், கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருப்பார், ஒரு படமும் நிற்காது.

அன்புடன்,
அம்மா