41ஆம் நம்பர் ஜெர்ஸி

அன்புள்ள கண்ணா,

போன வாரம் கராஜை ஒழித்தபோது, அடியில் கிடந்த பெட்டியிலிருந்து உன் பழைய சார்ஜர்ஸ் ஜெர்ஸி வந்தது, நம்ம அமெரிக்க ஃபுட்பால் அணியினுடையது. 41ஆம் நம்பர், லொரென்சோ நீல். அதை வாங்கித் தந்த அன்றைக்கு நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. சான் டியேகோவில் பள்ளிக்கூடம் முழுக்க 21, பந்தோடு ஓடும் நட்சத்திரம் டாம்லின்சன். உனக்கு மட்டும் 41. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது தள்ளுபடியில் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் வாங்கின பாவத்துக்கு அந்த ஆளையே பார்க்க ஆரம்பித்தேன். ஃபுல்பேக் என்றால், அதாவது பந்தோடு ஓடுகிறவருக்கு வழிவிடுகிறவர் என்றால், என்ன வேலை என்று அப்போதுதான் புரிந்தது. டாம்லின்சனுக்கு மூன்று யார்டு முன்னால் நிற்பார். பந்து நகர்ந்ததும் தலையைத் தாழ்த்தி, 115 கிலோ உடம்போடு இடைவெளிக்குள் பாய்வார். தடுக்கப் பாய்ந்து வரும் எதிரணி லைன்பேக்கரை நெஞ்சோடு மோதி ஒரு பக்கம் தள்ளுவார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் மல்யுத்தம் செய்தவர், அந்தப் பிடி தெரியும். அந்தச் சந்தில் டாம்லின்சன் புகுந்து போய்விடுவார். அரங்கம் எழுந்து கத்தும்போது நீல் தரையில் கிடந்து எழுந்துகொண்டிருப்பார். 2006இல் டாம்லின்சன் பந்தை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் 31 டச்டவுன் போட்டாரே, அந்த வருஷம் நான் பைனாகுலரை 41 மேலேயே வைத்திருந்தேன். நீ எரிச்சலோடு பிடுங்குவாய்.

16 வருஷம், 7 அணிகள். 1997 முதல் 2007 வரை ஒரு வருஷம்கூட விடாமல், அவர் வழிவிட்டு ஓடவைத்தவர்களில் ஒருவர் அந்த வருஷ ஓட்டத்தில் ஆயிரம் யார்டைத் தாண்டினார். மர்ரெல், டன், எடி ஜார்ஜ், டில்லன், கடைசியில் டாம்லின்சன். ஆள் மாறினாலும் முன்னால் போனவர் இவர்தான்.

இன்னொன்று. 2000 ஜனவரியில், நீல் டென்னஸி அணியில் இருந்தபோது, பஃபலோவோடு ஆடிய அந்தப் பிரபலமான ஆட்டம். 16 விநாடிதான் பாக்கி. பஃபலோ உதைத்த பந்து நீல் கையில் வந்து விழுந்தது. ஓடினாரா? பக்கத்திலிருந்த சக ஆட்டக்காரர் வைசெக்கிடம் கொடுத்துவிட்டார்! வைசெக் குறுக்கே எறிய, அதே அணியின் டைசன் பிடித்து 75 யார்டு ஓடி, டென்னஸி ஜெயித்தது. அந்த எறி முன்பக்கம் போனது, அதனால் செல்லாது என்று பஃபலோக்காரர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள். அதைவிடு.

அம்மா ஜெர்ஸியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். உனக்கு இனி தோளில் ஏறாது. குட்டிக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் சரியாக இருக்கும். அனுப்பட்டுமா? அவன் 21தான் வேண்டும் என்று அழுதால், விலையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

அப்பா