மந்தமான கேமரா, குறுகிய வெளிச்சம்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. மகள் எக்ஸ்-கதிர் லேசர் ஆய்வுக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் எனக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் பெரிய சேதி ஒன்றுமில்லை. கண் அறுவை முடிந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

"அணு நகர்வதைப் பிடிக்கிற அளவு வேகமான கேமரா இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். கிடையாது. கேமரா மந்தமானதுதான், வெளிச்சம்தான் குறுகியது. முதலில் ஒரு லேசர் துடிப்பு, அதாவது கண்சிமிட்டுவதற்குள் வந்துபோகும் ஒளி வீச்சு, படிகத்தை உசுப்பிவிடும். சற்றுப் பிந்தி, சில பத்து ஃபெம்டோ நொடியே நீடிக்கும் எக்ஸ்-கதிர் துடிப்பு அதில் பட்டுச் சிதறும். (ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததைப் பத்துக் கோடியால் வகு, அதுதான் ஃபெம்டோ நொடி.) சிதறல் புள்ளிகளின் பிரகாசம், அந்தக் கணத்தில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று காட்டிக்கொடுக்கும். ஒரு தடவைக்கு ஒரு கணம்தான். இடைவெளியை மாற்றி மாற்றி எடுத்துக் கோத்தால்தான் படம் ஓடும். மாற்றுவதும் எளிது: லேசர் பாதையில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியை 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) பின்னால் தள்ளினால், போய்வர 30 மைக்ரான் கூடி 100 ஃபெம்டோ நொடி தாமதம்.

எனக்குப் பிடித்தது இண்டியம் ஆன்டிமனைடு என்ற குறைக்கடத்திப் படிகத்தை வைத்துச் செய்த சோதனை. அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். உருகுவதென்றால் சூடேறி, அணுக்கள் அதிர்ந்து, பிறகு கட்டுக் குலைவது என்றுதானே படித்தோம்? அங்கே லேசர் எலக்ட்ரான்களைத்தான் கிளப்பியது. பிணைப்பு சட்டென்று தளர்ந்துபோக, அணுக்கள் அறை வெப்பத்தில் தமக்கிருந்த பழைய வேகத்திலேயே விலக ஆரம்பித்தன. சூடு வந்து சேருமுன்பே ஒழுங்கு குலைந்துவிட்டது!

அப்புறம், உண்மையான தலைவலி நேரம்தான். எலக்ட்ரான்களை விரட்டி எக்ஸ்-கதிரை உண்டாக்கும் முடுக்கியிலிருந்து வரும் துடிப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதைக் கட்டுப்படுத்துவதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று அளந்து, பின்னால் கணினியில் வரிசைப்படுத்துகிறார்கள். மெல்லிய படலம் ஒன்றில் எக்ஸ்-கதிர் பட்டதும் அதன் ஒளிபுகும் தன்மை மாறும். அந்த மாற்றம்தான் கடிகாரம். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஸ்லாக்கில் 2009-இல் தொடங்கிய எக்ஸ்-கதிர் லேசர் கருவி நொடிக்கு 120 துடிப்பு தந்தது. 2023-இல் ஒளிர்ந்த புதியது 10 லட்சம் வரை தருமாறு கட்டப்பட்டது. அவ்வளவு தரவையும் எங்கே கொட்டி வைப்பார்கள்? மகளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சேகர்