ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசி மழையில் நம் ஊருணி நிறைந்து மறுகால் பாய்ந்தது. அத்துடன் ஊருணியைச் சீர்செய்யும் பணி நிறைவடைந்ததாகக் குழு கருதுகிறது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளுடன் அம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். வேலை ஏன் இத்தனை காலம் இழுத்தது என்பதற்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறோம்.

தாமதத்துக்கு ஊராட்சியைத்தான் எல்லோரும் ஏசினோம், குழுவும் சேர்த்து. அவர்கள் கூடவே நடந்து பார்த்தபோதுதான் முட்டுக்கட்டை எங்கே இருக்கிறது என்று புரிந்தது. நூறு நாள் வேலையில் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்க விதி இடம் தரவில்லை. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும். அதைத் திரட்டவே ஒரு வெள்ளாமை போயிற்று. காசோலைக்கு ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இருவரும் முகம் கொடுத்துப் பேசாத மாதங்களை ஊரே அறியும்.

கடைசியில் கரை நூறு நாள் ஆட்களுக்கு, தூர் இயந்திரத்துக்கு என்று வேலையைப் பிரித்தது தலைவர் அம்மாவின் யோசனை. அள்ளிய வண்டலை விவசாயிகள் வட்டாட்சியரின் அனுமதியோடு வயலுக்கு ஏற்றிச் சென்றார்கள்.

இன்னும் ஆழம் தோண்டச் சொல்லி இளைஞர்கள் கேட்டார்கள். அடியில் இருக்கும் களிமண் படுகையைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது, உவரும் ஊறும் என்றார்கள் பெரியவர்கள். தலைவர் அம்மா களி தட்டிய இடத்திலேயே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஆழமான பள்ளம் என்றால் புகைப்படத்தில் பெரிய வேலையாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் வேண்டாம் என்று விட்டதற்குத் துணிவு வேண்டும்.

உண்மையான வேலை ஊருணியில் இல்லை, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில்தான் இருந்தது. தண்ணீர் வர வழியில்லாமல் தூர் வாரி என்ன பயன்? நில அளவர் புல வரைபடத்தை வைத்து அளந்தபோது, நம் பொருளாளரின் வைக்கோல்போரே வாய்க்காலுக்குள் நின்றது. (இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.) அவர் போரைப் பிரித்த மறுநாள், வாய்க்காலை மறித்திருந்த மற்றவர்களுக்கு வாய் எழவில்லை. தலைவர் அம்மா நோட்டீஸ் அனுப்பாமல் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்து பேசினார். நோட்டீஸ் போயிருந்தால் வழக்காகியிருக்கும்.

பாதி வாய்க்கால் திறந்த நிலையில், 5.1.2025 அன்று ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பேற்றார். கோப்பைப் படித்தார், நேரில் வந்தும் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றியத்து ஊராட்சிகள் அத்தனையும் அவர் தலையில். திண்ணைக்குத் திண்ணை ஏற அவருக்கு நேரம் ஏது? நூறு நாள் ஊதியமும் அப்போது மாநிலம் முழுவதும் நிலுவை. கரை வேலைக்கு ஆள் வரவில்லை. மீதி வாய்க்காலுக்குப் பழைய தலைவர் அம்மாவே, பதவி இல்லாமல், நம்மோடு நடந்தார்.

சாலைப் பாலத்தடியில் குழாய் குறுகலாகவே இருக்கிறது. அது நம் கையில் இல்லை. அடுத்த கிராம சபையில் அதற்குத் தீர்மானம் கொண்டுவர வேண்டும், தவறாமல் வாருங்கள். வடக்குப் படித்துறையும் பாக்கி. கையிருப்பு அதற்குப் போதும்.

மாடு குளிப்பாட்டுகிறவர்கள் தயவுசெய்து தென்கரைக் குட்டைக்கு ஓட்டிச் செல்லவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்